ஸ்யூதெஸின் தலை

ஒரு சிற்பத்தைப் பார்த்தவுடன் “உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது” என்று சொல்லிவிட்டால் விமர்சனம் முடிந்துவிட்டதாக எண்ணுகிற பழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. 2004ல் பல்கேரியாவில், ஷிப்கா ஊருக்கருகே கோல்யாமா கோஸ்மாட்கா என்ற புதைமேட்டை கியோர்கி கிடோவ் அகழ்ந்தபோது கிடைத்த வெண்கலத் தலைக்கும் இந்தப் பாராட்டுதான் கிடைத்தது. திரேஸ் நாட்டை ஆண்ட ஓட்ரீஸிய அரசன் மூன்றாம் ஸ்யூதெஸின் தலை அது, கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டியது.

நான் புகைப்படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். சுருங்கிய நெற்றி, அடர்ந்து இறங்கும் தாடி, கன்னத்தில் ஒரு மரு. விழிகள் வெண்கலமல்ல, அலபாஸ்டரும் கண்ணாடிக் குழம்பும் கொண்டு பதித்தவை. இமைமயிர் செப்புத் தகட்டில் வெட்டியது. உலோக முகத்தில் கண்கள் மட்டும் ஈரமாக இருப்பதாகத் தோன்றுகிறது.

இதை யதார்த்தம் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்குச் சம்மதமில்லை. அந்த நெற்றிச் சுருக்கம் இந்தக் கிழவனைப் பார்த்து மட்டும் செய்ததல்ல. கிரேக்கச் சிற்பிகள் தத்துவவாதிக்கும் மேடைப் பேச்சாளனுக்கும் கொடுத்து வந்த சுருக்கம்தான் அது. சிந்திக்கிறவன் என்பதற்கான குறி. மருவுக்கு மரபில் அப்படி ஓர் இடம் கிடையாது. தாடியோ அரசியல். அலெக்ஸாண்டர் முகத்தை மழித்துக்கொண்ட பிறகு அவன் வழிவந்த அரசர்கள் பெரும்பாலும் மழித்த முகத்தோடுதான் நாணயங்களில் தெரிகிறார்கள். அவர்களில் ஒருவனான லைஸிமாக்கஸோடு போரிட்ட இந்தத் திரேஸியன், கிரேக்கக் கைத்திறனைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு, முகத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மறுக்கிறான். கலைஞனும் அந்த மறுப்பைப் புரிந்துகொண்டிருக்கிறான்.

ரோமில் குய்ரினால் குன்றில் 1885ல் கிடைத்த நிர்வாண ‘இளவரசன்’ இவ்வளவு புகழுக்குத் தகுதியானவன்தானா என்று எனக்குச் சந்தேகம். ஆளுயரத்தை மிஞ்சிய உடம்பு, உயர்த்திய கை, முறுக்கேறிய தசை. தலையில் அரசப் பட்டி இல்லாததால் அவன் கிரேக்க அரசனா, ரோமானியத் தளபதியா என்ற சண்டை ஓயவில்லை. அந்தத் தலையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

ஸ்யூதெஸிடம் நடந்தது இதற்கு நேர்மாறு. முழுச்சிலை ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த தலை இது; கழுத்து விளிம்பு தாறுமாறாகக் கிடக்கிறது. கல்லறை முகப்பிற்கு முன்னால் வேண்டுமென்றே புதைத்திருக்கிறார்கள். சடங்கு என்கிறார்கள் அறிஞர்கள்; இருக்கட்டும். ஊரார் கண்ணில் படுவதற்காகவே வார்த்த முகத்தை ஒருவரும் பார்க்க முடியாத இடத்தில் வைத்ததைத்தான் நான் யோசிக்கிறேன். வெளியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கி.மு. 317 முதல் பத்து வருஷம் ஏதென்ஸை ஆண்ட ஃபலேரோனின் டெமிட்ரியஸுக்கு 360 வெண்கலச் சிலைகள் இருந்தனவாம். அவன் விழுந்ததும் சிலவற்றை விற்று, சிலவற்றைக் கடலில் போட்டு, சிலவற்றை மூத்திரச் சட்டியாக அடித்துவிட்டதாக டயோஜெனிஸ் லேயர்டியஸ் எழுதுகிறார். அக்ரோபொலிஸில் ஒன்றே ஒன்று மிஞ்சியதாம். வெண்கலத்துக்கு எப்போதும் மறுவிலை உண்டு. நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பெரும்பங்கு கப்பல் மூழ்கியதாலும் மண் மூடியதாலும் தப்பியவை.

தலையில் பெயர் இல்லை. உள்ளறையில் இருந்த தலைக்கவசத்திலும் வெள்ளிப் பாத்திரங்களிலும் ‘ஸ்யூதெஸுடையது’ என்று கிரேக்க எழுத்தில் இருந்தது. நாணயத்து முகமும் ஒத்துப்போயிற்று. உடம்பு கிடைக்கவில்லை. உருக்கியிருப்பார்கள் என்பது என் ஊகம்.