வெட்டப்படும் பதினெட்டாம் இரவு

விடிய விடியக் கூத்துப் பார்க்க இன்று யாருக்குப் பொறுமை இருக்கிறது? பாரதக் கூத்தின் கடைசிப் போரான பதினெட்டாம் போரை இரண்டு மணி நேரத்துக்குள் வெட்டித் தருகிறவர்களும் அதை மெச்சுகிறவர்களும் சொல்லும் நியாயம் இது. சுருக்கத்தால் பயன் உண்டு. நகரத்து மேடைகள் கிடைத்தன. திருவிழா இல்லாத மாதங்களிலும் கலைஞர்களுக்கு வருமானம் வருகிறது. மறுக்கவில்லை.

எதை வெட்டுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பாஞ்சாலியின் சபதம் மிஞ்சுகிறது, பீமனின் கதாயுதம் மிஞ்சுகிறது, கூந்தல் முடிப்பதும் மிஞ்சுகிறது. போய்விடுவது துரியோதனனின் இரவு. வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் கட்டை கட்டித் திரைக்குப் பின்னிருந்து வரும் அவனுக்குக் கட்டியக்காரனை விட்டால் பேச்சுத் துணை இல்லை. தம்பிகள் இல்லை, துரோணர் இல்லை, கர்ணன் இல்லை. ஒவ்வொருவராகப் பேர் சொல்லிப் புலம்புகிறான். மடுவில் போய் ஒளிகிறான். கரையில் நின்று பீமன் ஏச, மானம் பொறுக்காமல் எழுந்து வருகிறான். ஆர்மோனியமும் முகவீணையும் அவனோடு அழும் அந்த நேரத்தில்தான், இத்தனை நாள் நாம் வெறுத்தவன் மனிதனாகிறான். அப்படி ஆன பிறகே, கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டும்போது நெஞ்சு பதறும். இடுப்புக்குக் கீழே அடிப்பது கதைப்போரின் முறையல்லவே! பாஞ்சாலிக்கு நடந்தது அநியாயம். அதைத் தீர்த்த விதமும் அநியாயம். இரண்டையும் சேர்த்துச் சுமக்க மனசுக்கு அவகாசம் வேண்டும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் பழிவாங்குவது கடைசிக் காட்சியில்தான். அதுவரை நீளும் தவிப்பே அந்த நாடகம்.

சுருக்கிய கூத்தில் சபதம் போட்ட சூட்டிலேயே பழி தீர்ந்துவிடுகிறது. கைதட்டல் விழுகிறது. பகை ஏன் மூண்டது, யாரைத் தின்றது என்ற கேள்வியே எழுவதில்லை. பல ஊர்களில் படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் அருகே அவன் மனைவி பெருந்திருவாள் மாரடித்துப் புலம்புவாள். ஒருத்தி கூந்தல் முடிக்கும் களத்திலேயே இன்னொருத்தி தாலி இழக்கிறாள். முதல் கத்தரி அந்தப் புலம்பலுக்கு. அது போன பிறகு மிஞ்சுவது வெற்றி விழா; அதைத் துன்பியல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சுருக்குவதற்குக் காரணமாக, முழுக் கூத்தைக் கற்க ஆளில்லை என்றும் சொல்கிறார்கள். 1990-இல் காஞ்சிபுரம் பகுதியில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துச் சொல்லிக் கொடுத்ததே!

விழா நடத்தும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு இரவுகளைக் குறையுங்கள். பதினெட்டாம் போரில் கை வைக்காதீர்கள்.