பணம் ஸ்பீக்கருக்கா, கிராஸ்-ஓவருக்கா?

ஒலிபெருக்கிப் பெட்டியை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை ஒன்று உண்டு. கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதியை நல்ல வூபருக்கும் ட்வீட்டருக்கும் செலவிட வேண்டும். மிச்சத்தில் கடையில் கிடைக்கும் ஒரு கிராஸ்-ஓவர் பலகையை வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பார்கள். இதற்கு நேர் எதிரான கட்சியும் இருக்கிறது. ஸ்பீக்கர் எதுவானாலும் சரி, கிராஸ்-ஓவரில் விலை உயர்ந்த மின்தேக்கிகளைப் போட்டால் ஒலி மெருகேறிவிடும் என்பது அவர்கள் வாதம். இரு கட்சியாரும் உங்கள் பணத்தை வீணாக்குகிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

முதல் கட்சியின் பிழையை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். கிராஸ்-ஓவரின் வேலை தாழ்ந்த அதிர்வுகளை வூபருக்கும், உயர்ந்தவற்றை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புவது. பிரியும் இடம் வினாடிக்கு 3000 அதிர்வுகள், ஸ்பீக்கரின் தடை 8 ஓம் என்று வைத்துக்கொண்டால், மிக எளிய அமைப்புக்கு 0.42 மில்லிஹென்றிச் சுருளும் 6.6 மைக்ரோபாரட் மின்தேக்கியும் போதும் என்று பாடநூல் சூத்திரம் சொல்லும். ஆயத்தப் பலகைகளில் பல இந்த வகைச் சூத்திரத்தின் குழந்தைகளே.

ஆனால் வூபர் என்பது 8 ஓம் தடை அன்று. அதன் உள்ளேயும் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. கம்பியின் தடை 6 ஓம், சுருளின் தூண்டல் அரை மில்லிஹென்றி என்று கொள்ளுங்கள். 3000 அதிர்வில் அதன் மொத்த மறுப்பு 11 ஓமைத் தாண்டிவிடும். 10,000 அதிர்வில் சுமார் 32 ஓம்! பாடநூல் கணக்குப்படி அந்த இடத்தில் வூபரின் ஒலி ஏறக்குறைய 11 டெசிபல் குறைந்திருக்க வேண்டும். உண்மையில் 5 டெசிபல்தான் குறையும். சுருளோடு சுருளைத் தொடராக இணைத்தால், எவ்வளவு மேலே போனாலும் மின்னழுத்தம் அவற்றிடையே ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பங்கிடப்படுவதே காரணம். வூபர் வாய் மூட வேண்டிய இடத்திலும் பேசிக்கொண்டே இருக்கிறது.

நான் முதன்முதலில் செய்த ஜோடிப் பெட்டிகளில் நடந்தது இதுவே. பணம் முழுவதும் ஸ்பீக்கருக்குப் போயிற்று. பெண் குரல்கள் எல்லாம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தன. பல மாதங்களுக்குப் பிறகு வூபரின் குறுக்கே ஒரு மின்தடையையும் 10 மைக்ரோபாரட் மின்தேக்கியையும் இணைத்தபோதுதான் காது நிம்மதி அடைந்தது. அவ்விரண்டின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது.

இனி, பெரிய இடத்து உதாரணம் ஒன்று. இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான அறைக்கென்று எல்.எஸ். 3/5 என்ற சிறு பெட்டியை வடிவமைத்தது. கே.இ.எஃப். நிறுவனத்தின் பி-110 வூபரும் டி-27 ட்வீட்டரும் அதில் இருந்தன. அதிகமாகச் செய்ய முற்பட்டபோது ஒரு சிக்கல் தெரிந்தது. புதிதாக வந்த ஸ்பீக்கர்களின் குணம் பழையவற்றைப் போல் இல்லை. பெயர் அதே, எண் அதே. ஆனால் பழைய கிராஸ்-ஓவர் பொருந்தவில்லை. வடிவமைப்பைத் திருத்தவேண்டி வந்தது. அப்படிப் பிறந்ததே எல்.எஸ். 3/5ஏ. 1976-இல் பி.பி.சி. ஆராய்ச்சித் துறை இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஒரே எண்ணுள்ள ஸ்பீக்கரில் நேர்ந்த மாற்றமே புதுக் கிராஸ்-ஓவரைக் கேட்கிறது என்றால், எந்த ஸ்பீக்கருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பலகையைப் பற்றி என்ன சொல்ல!

அந்தக் கிராஸ்-ஓவரைத் திறந்து பார்த்தவர்கள் வியப்பார்கள். 5 அங்குல வூபருக்கு இத்தனை உறுப்புகளா என்று தோன்றும். வூபரின் நடு அதிர்வுப் பகுதியில் உள்ள மேட்டைச் சமன்செய்யத் தனிச் சுற்று. ட்வீட்டரின் வலிமையைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கப் பல முனைகள் எடுத்த மின்மாற்றிச் சுருள். அதே வூபரையும் ட்வீட்டரையும் கடையில் வாங்கிச் சொந்தமாகப் பெட்டி செய்தவர்கள் அந்நாளில் பலர் இருந்தனர். அந்தச் சுற்று இல்லாமல் அந்த ஒலி கிடைத்துவிடாது.

ஆயினும் இப்பெட்டியைத் தெய்வமாக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. மேட்டை வெட்டிப் பள்ளத்துக்குச் சமன்செய்தால் மொத்த ஒலி தாழும். இதன் உணர்திறன் 82, 83 டெசிபல் அளவே. பெரிய கூடத்தை நிரப்ப இதனால் ஆகாது. மேடே இல்லாத வூபரைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சுற்றே தேவையில்லை. இந்தப் புகழை வைத்து 'ஆகவே விலை உயர்ந்த மின்தேக்கி வாங்குங்கள்' என்று முடிவுகட்டுவது இன்னும் பெரிய தவறு. அங்கே வேலை செய்தது உறுப்பின் மதிப்பும் அமைப்பும். அதன் மேல் அச்சிட்ட பெயர் அன்று.

அப்படியானால் எங்கே செலவிடுவது? வூபருக்குத் தொடராக வரும் சுருளில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய கம்பியால் சுற்றிய சுருளில் 1 ஓம் தடை இருந்தாலே, 6 ஓம் வூபரில் 1.3 டெசிபல் ஒலி போய்விடும். தடித்த கம்பி வாங்குங்கள். ட்வீட்டரின் குறுக்கே நிற்கும் சுருளுக்கு மெல்லிய கம்பி போதும். அங்கே தடை சற்று இருந்தால் குடி முழுகிப்போகாது. ட்வீட்டருக்குத் தொடராக வரும் மின்தேக்கி மட்டும் பிளாஸ்டிக் படல வகையாக இருக்கட்டும். மின்பகு திரவ வகை ஆண்டுகள் செல்லச் செல்ல மதிப்பு மாறக்கூடியது. படல வகையிலும் சாதாரணமானதே போதும். பத்து மடங்கு விலையுள்ளது பத்து மடங்கு நன்றாகப் பாடாது.

எல்லாவற்றுக்கும் முன்பு, அளவிடும் மைக் ஒன்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். அந்நாளில் பி.பி.சி. போன்ற இடங்களில் எதிரொலியற்ற அறையும் பெரிய கருவிகளும் வைத்து அளந்ததில் பெரும்பகுதியை, இன்று அந்த மைக்கும் இலவசமாகக் கிடைக்கும் கணினி நிரலும் வீட்டு முற்றத்திலேயே அளந்து காட்டிவிடும். மைக்கின் விலைக்காக வூபரில் ஒரு படி இறங்க நேர்ந்தாலும் தயங்காமல் இறங்குங்கள்.

இன்னொன்று. கிராஸ்-ஓவரைப் பெட்டிக்குள் வைத்து உடனே மூடிவிடாதீர்கள். கம்பிகளை நீளமாக வெளியே எடுத்து, ஒரு மரப்பலகையில் உறுப்புகளை அடித்து, இரண்டு மாதமாவது கேட்டுப் பாருங்கள். எப்படியும் மூன்று நான்கு உறுப்புகளை மாற்றுவீர்கள்.