ரப்பர் அச்சும் முழாரபாவும்

தொழிலாளியைப் பங்காளியாக்கிய மார்க்கம் நம்முடையது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். உடனே முழாரபாவை எடுத்துக்காட்டுவார்கள்: பணம் ஒருவருடையது, உழைப்பும் மூளையும் மற்றவருடையது, இலாபம் இருவருக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஜிந்துப்பிட்டியிலிருந்து செட்டியார் தெருப் பக்கம் நடந்து, ஒரு நகைப் பட்டறைக்குள் நுழைந்து இதைச் சொல்லிப் பார்க்கலாமா?

புது மோதிரத்துக்கு மாதிரி செய்பவர் நாட்கணக்கில் குனிந்திருந்து ஓர் உருவை முடிக்கிறார். அதிலிருந்து ரப்பர் அச்சு எடுத்தாயிற்றென்றால் பிறகு அவர் தேவையில்லை. மெழுகை ஊற்றி உரு எடுத்து, அதன்படி தங்கம் வார்க்க வேண்டியதுதான். செஞ்சது ஒருக்கா, ஊத்துறது நூறு தரம். கூலியும் ஒருக்காத்தான். அச்சு முதலாளியின் அலுமாரியில்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பிரயோகக் கலைப் படைப்புக்கு 25 வருடப் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் வேலையின்போது ஊழியர் படைத்ததன் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, முதலாளிக்கே. படைத்தவருக்கு மிஞ்சுவது தார்மிக உரிமை, அதாவது தன் பெயர் குறிப்பிடப்படும் உரிமை. மோதிரத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கடையின் முத்திரை இருக்கும். செய்தவர் பேர் இருக்கிறதா?

சரி, நமது பிக்ஹ்? இங்கேதான் பேச்சாளர்கள் அவசரப்படுகிறார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் முழாரபா வியாபாரத்துக்கு மட்டும் உரியது. கோதுமை வாங்கி அரைத்து ரொட்டி சுடுவதற்கென்று முதல் கொடுத்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது இமாம் நவவியின் மின்ஹாஜ். அரைப்பதும் சுடுவதும் கூலிக்குரிய வேலை என்பது காரணம். கைவினைஞர்கள் உழைப்பால் கூட்டுச் சேரும் ஷிர்கத்துல் அப்தானை ஹனபி, மாலிகி, ஹன்பலி அறிஞர்கள் ஏற்க, ஷாபிஈ ஏற்கவில்லை. ஆக, பட்டறைக்காரருக்கு நாம் மேடையில் காட்டும் பங்கு நமது கிதாபிலேயே இல்லை! (அவர் முஸ்லிமா இல்லையா என்பதால் இந்தக் கணக்கு மாறாது.)

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூலுரிமையும் கண்டுபிடிப்புரிமையும் பெறுமதியுள்ள, பாதுகாக்கப்பட வேண்டிய உரிமைகள் என்று தீர்மானித்தது. பெரிய விஷயம்தான். ஆனால் அந்தத் தீர்மானம் முதலாளிக்கும் வேலையாளுக்கும் இடையில் உரிமையாளர் யார் என்ற கேள்வியைத் தொடவில்லை. நம்மட எழுத்தாளர்கள் அதை மேற்கோள் காட்டும்போதும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கதவு சட்டத்திலேயே திறந்து கிடக்கிறது. "ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய" என்ற அந்தச் சொற்கள்தான். கூலிக்கு மேலே, அச்சிலிருந்து வார்க்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் இவ்வளவு ரூபா என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். இது இலாபத்தில் பங்கல்ல, தொகை சொல்லப்பட்ட கொடுப்பனவு. எத்தனை வார்ப்பு என்று முன்கூட்டித் தெரியாததால் ஷாபிஈ அறிஞர்கள் இதை மறுப்பார்களா? மறுத்தால் எந்த அடிப்படையில்? அரபுக் கல்லூரி ஹஸரத்மார் யாராவது அடுத்த இதழுக்கு எழுதினால் நல்லது.