டீக்: கோடையை ஆண்ட மாளிகை

அரண்மனை பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் தேடுவது சரவிளக்கையும் கட்டிலையும்தான். அந்தக் கண்ணோடு போனால் ராஜஸ்தானின் டீக் மாளிகைகள் சுமாராகத்தான் தெரியும். டெல்லியின் மயூர் விஹாரிலிருந்து நொய்டா, யமுனா எக்ஸ்பிரஸ்வே, மதுரா, கோவர்தன் என்று போனால் அரை நாளுக்குள் எட்டிவிடக்கூடிய ஊர் இது. ஜாட் அரசர் பதன் சிங்குக்குத் தலைநகராக இருந்தது. அவர் மகன் சூரஜ் மல் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே மாளிகைகளை எழுப்பினார். தலைநகர் பரத்பூருக்கு மாறிய பிறகு அரச குடும்பத்தின் கோடை வாசஸ்தலமாயிற்று. இந்த மாளிகைகளின் ஆகச் சிறந்த அலங்காரம் சுவரிலோ விதானத்திலோ கிடையாது. அறைக்குள் நுழையும் காற்றைத்தான் இங்கே இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

பிரதான மாளிகையான கோபால் பவனிலிருந்தே தொடங்கலாம். தோட்டத்தின் மேற்கு ஓரத்தில், கோபால் சாகர் என்ற பெரிய குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. முதுகுப்பக்கத்தின் கீழ்த்தளம் நீரோடு ஒட்டியே இருக்கிறது. வட இந்தியக் கோடையில் லூ என்ற அனல்காற்று வீசுவது மேற்கிலிருந்து. அது குளத்தைக் கடந்து, ஈரத்தை வாரிக்கொண்டுதான் இந்த அறைகளுக்குள் வரமுடியும். தமிழ்நாட்டுக் கோயில்களில் கொடுங்கை என்போமே, அந்த இறவாணத்தை இங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிசை இறக்கியிருக்கிறார்கள். உச்சி வெயில் சுவரில் படாமல் நிழல் இரட்டிக்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்த இரட்டைக் கோடுகள்தான் மாளிகையின் அழகு. உள்ளே இருந்தவர்களுக்கு அவைதான் மதியத் தூக்கம். உள்ளே சோபாக்கள், பாடம் செய்த புலி, பீங்கான் பாத்திரங்கள், வெள்ளிக்கால் கட்டில் எல்லாம் உண்டு. பெரும்பாலானவை எந்த சமஸ்தானத்து மாளிகையிலும் கிடைக்கும் சரக்கு. நின்று பார்க்க வேண்டியது மாடியில் உள்ள சலவைக்கல் உணவு மேடை. தரையிலிருந்து ஒரு சாண் உயரம், நீண்ட முட்டை வடிவம். விருந்தினர் விளிம்பைச் சுற்றித் தரையில் சம்மணமிட்டு உட்கார, நடுவிலிருந்து பரிமாறியிருக்கிறார்கள். மே மாதத்தில் குளிர்ந்த கல்லைத் தொட்டபடி சாப்பிடுவது எப்படிப்பட்ட சுகம் என்பது பந்தியில் தரையோடு உட்கார்ந்து பழகியவர்களுக்குப் புரியும். அலங்காரமும் உபயோகமும் ஒரே கல்லில் இருக்கின்றன.

தோட்டத்தின் தெற்கில் உள்ள கிஷன் பவனின் கூரைமேல் பிரம்மாண்டமான நீர்த்தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் பக்கச்சுவர்களில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றுக்கும் தனிக்குழாய், ஒவ்வொரு குழாய்க்கும் தனி நீரூற்று. எந்தத் துளையின் அடைப்பை எடுக்கிறோமோ அந்த ஊற்று மட்டும் பீறிடும். துளைக்குள் சாயப்பொடி முடிச்சைச் செருகினால் அந்த ஊற்று நிறமாகப் பொங்கும். இந்த நீர் போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது கிழக்கே, ரூப் சாகர் குளக்கரையில் உள்ள கேசவ் பவன். நான்கு பக்கமும் திறந்த மண்டபம். உள்ளேயே சுற்றிலும் வாய்க்கால், அதில் ஊற்றுகள். நம் ஊர் நீராழி மண்டபத்துக்கு உறவு சொல்லலாம். மேலே நீரின் வேகத்தில் கற்குண்டுகள் உருண்டு இடியோசை எழுப்பின என்று சொல்வார்கள். ஆக, கொளுத்தும் கோடையில் சாரல், ஈரக்காற்று, இடிமுழக்கம் எல்லாம் சேர்ந்த ஒரு மழைக்காலத்தையே செயற்கையாக வரவழைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் மொகலாயர்களைப் பார்த்து அடித்த நகல்தானே என்று கேட்கலாம். ஆதாரமும் இருக்கிறது. கோபால் பவனின் இரு பக்கமும் சாவன், பாதோன் என்று மழை மாதங்களின் பெயரில் இரண்டு மண்டபங்கள். அதே பெயரில் இரண்டு மண்டபங்கள் டெல்லி செங்கோட்டைத் தோட்டத்தில் முன்பே இருந்தன. மாளிகை முன்னால் உள்ள சலவைக்கல் ஊஞ்சலும் மொகலாய அரண்மனையிலிருந்து வந்த போர்க்கொள்ளை என்பதே மரபு. மயூர் விஹாருக்குக் கிழக்கே ஓடும் ஹிண்டன் நதிப் பக்கம் 1763இல் ரோஹில்லா தலைவர் நஜீப் உத் தௌலாவின் படையோடு மோதி சூரஜ் மல் இறந்தார். பழிதீர்க்க அவர் மகன் ஜவாஹர் சிங் டெல்லியை முற்றுகையிட்டார். வாங்கியது உண்மை, பறித்ததும் உண்மை. ஆனால் வாங்கியதை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதில்தான் ரசனை தெரியும். கோபால், கேசவ், கிஷன், நந்த் என்று இங்கே மாளிகைகளின் பெயரெல்லாம் கண்ணன் வீட்டுப் பெயர்கள். இது விரஜ பூமி. மழை மாதத்தில் கண்ணனை ஊஞ்சலில் வைத்து ஆட்டும் மண். பாதுஷாவின் ஊஞ்சல் அந்த மண்ணில் ஒரு பண்டிகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மொகலாயத் தோட்டத்தின் கணக்கை எடுத்துக்கொண்டு, அதில் தங்கள் ஊர் ஆவணியை நிரப்பினார்கள் ஜாட் அரசர்கள்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அந்தக் கூரைத்தொட்டியை நிரப்ப மாடுகள் நாள்கணக்கில் கமலை இழுக்க வேண்டும். நீர் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வறண்ட சீமையில் இது ஊதாரித்தனம் இல்லையா? நீரூற்று விளையாட்டைப் பொறுத்தவரை, ஆம். அதற்கு உழைத்தவர்கள் அந்தச் சாரலில் நனைந்திருப்பார்கள் என்று நினைக்க இடமில்லை. ஆனால் கேசவ் பவன் திருநாள் என்றால் கோபால் பவன் அன்றாடம். குளம், இரட்டைக் கொடுங்கை, திறந்த வளைவுகள், தடித்த கல் ஆகியவை எந்த மாட்டையும் வருத்தாமல் வேலை செய்தன. ஊதாரித்தனத்தைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது முதல்தரக் கட்டடக்கலை.

மயூர் விஹார் அடுக்ககங்களின் ஜன்னலில் ஈரத்தட்டி வைத்த கூலர்கள் செய்வதும் இதே வேலைதான்: காய்ந்த காற்றை நனைத்து உள்ளே விடுவது. தத்துவம் ஒன்றாக இருந்தும், கூலரை யாரும் ரசிப்பதில்லை. அதை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு மறந்துவிடுகிறோம். டீக்கில் குளிர்விக்கும் வேலையை மறைக்காமல், அதையே மாளிகையின் முகமாக்கினார்கள். ஆகவே டீக்குக்குப் போகிறவர்கள் சாமான்களுக்குக் கால்மணி நேரம் கொடுத்தால் போதும். மீதிப் பொழுதைக் குளத்துப் பக்கத்து வளைவுகளிலும் கொடுங்கை நிழலிலும் செலவழிக்கலாம். குளிர்காலத்தில் போனால் மாளிகையைப் பார்க்கலாம். அது எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் வெயில் காலத்தில்தான் போகவேண்டும்.