இசையிலக்கண அடிப்படைக் கல்வி: கருணாமிர்த சாகரமும் யாழ்நூலும் – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

முன்னுரை

கல்லூரி நிலையில் இசை பயிலும் மாணவர்க்குச் செய்முறை, இலக்கணம் என இருவகைப் பாடங்கள் அமைகின்றன. செய்முறை ஆசிரியரின் குரல்வழி நடைபெறுகிறது. இலக்கணமோ பெரும்பாலும் ஏட்டுவழியே நின்றுவிடுகிறது. இவ்விலக்கணப் பாடத்தில் தமிழிசை பெறும் இடம் யாது என்ற வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. குரல் என்பது சட்சம், துத்தம் என்பது ரிடபம், கைக்கிளை என்பது காந்தாரம் எனப் பெயர்களை நிரல்படுத்திக் காட்டும் பட்டியலாகவே அது பல பாடநூல்களில் காணப்படுகிறது. பெயர் மாற்றம் இலக்கணம் ஆகாது. தமிழ் மரபுக்கெனத் தனியே ஒரு கற்பிக்கும் முறை இருந்ததா, இருந்தால் அதனை இன்றைய வகுப்பறைக்குக் கொணர இயலுமா என்பதே ஆராயத்தக்கது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917), விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் (1947) ஆகிய இரண்டையும் அடிப்படைக் கல்விக்குரிய நூல்கள் என்ற நோக்கில் ஒப்பிட்டு மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

கல்லூரிப் பாடத்தின் அமைப்பு

1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இசைக் கல்வியைத் தமிழகத்தில் நிறுவன நிலைக்கு உயர்த்தியதில் முதன்மையானது. அங்குப் பயின்றோர் பெற்ற 'சங்கீதபூஷணம்' என்னும் பட்டம் ஒரு தலைமுறையின் அடையாளமாக விளங்கியது. திருவனந்தபுரத்தில் 1939-இல் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை முதல் முதல்வராகக் கொண்டு தொடங்கப்பெற்ற நிறுவனம் பின்னர் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பி. சாம்பமூர்த்தி (1901–1973) எழுதிய தென்னிந்திய இசை பற்றிய தொகுதிகள் இலக்கணப் பாடத்திற்கு வரம்பு வகுத்துத் தந்தன. 1943-இல் நிறுவப்பெற்ற தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சியை வளர்த்தது. இந்நிறுவனங்களின் பணி பெரிது என்பதில் ஐயமில்லை.

எனினும் அடிப்படை இலக்கணத்தின் முதுகெலும்பாக அமைந்தது 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளத் திட்டமே ஆகும். ரிடப காந்தார இணைவுகள் 6, தைவத நிடாத இணைவுகள் 6, மத்திமம் 2 எனப் பெருக்கினால் 72 வரும். முழுமையும் ஒழுங்கும் இத்திட்டத்தின் சிறப்புகள். ஆயின் ஒரு குறையும் இதற்கு உண்டு. ஒரு சுரத்தையும் காதால் கேளாமல், எண்களைக் கொண்டே ஒரு மாணவர் இத்திட்டம் முழுவதையும் எழுதிக் காட்டிவிடலாம். சுரங்கள் எவ்வாறு பிறந்தன என்ற வினாவிற்கு இதில் விடையில்லை. பிறந்த சுரங்களை எவ்வாறு அடுக்கலாம் என்பதற்கே விடையுண்டு. அடிப்படைக் கல்வி முன்னதிலிருந்தே தொடங்க வேண்டும்.

சிலப்பதிகாரம் காட்டும் கல்விமுறை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியதைக் கூறுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்க்குரிய தகுதிகளை அது தனித்தனியே விரித்துரைக்கிறது. பாடத்திட்டத்தோடு ஆசிரியர் தகுதியையும் வரையறுத்த பழைய சான்று இது எனலாம்.

இதனினும் கருதத்தக்கது ஆய்ச்சியர் குரவை. மாதரி ஏழு மகளிரை வட்டமாக நிறுத்தி அவர்க்கு ஏழு நரம்புகளின் பெயர்களை இடுகிறாள். குரலை மாயவனாகவும், இளியைப் பலராமனாகவும், துத்தத்தை நப்பின்னையாகவும் கொள்கிறாள். குரலுக்கு ஐந்தாம் நரம்பு இளி; இளிக்கு ஐந்தாம் நரம்பு துத்தம். புராணப் பாத்திரங்களின் உறவாகத் தோன்றும் இவ்வமைப்பு கிளைமுறையின் முதல் இரு படிகளாகவும் இருப்பது நோக்கத்தக்கது. இசையிலக்கணம் இங்கு உடலால் நின்று கற்கப்படுகிறது.

உரைமரபு இம்முறையை முழுமையாக்கித் தருகிறது. தாரத்தில் உழையும், உழையில் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியில் கைக்கிளையும் பிறக்கும் என்பது அதன் கருத்து. ஒவ்வொன்றும் முன்னதற்கு ஐந்தாவதாகிய கிளை நரம்பாகும். ஆறு படிகளில் ஏழு நரம்புகளும் கிடைத்துவிடுகின்றன. தம்பூராவும் செவியும் இருந்தால் வகுப்பறையிலேயே இதனைச் செய்து பார்க்கலாம்.

இச்சங்கிலி ஒரு பழைய விவாதத்திற்கும் விடையளிக்கிறது. செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது எஸ். இராமநாதன் முதலியோர் முடிபு. சங்கராபரணம் எனக் கொண்டாரும் உளர். தாரத்தைக் காகலி நிடாதமாகக் கொண்டால் அதற்கு நேரிய ஐந்தாவதாகச் சுத்த மத்திமம் அமையாது. முதற்படியிலேயே சங்கிலி அறுந்துவிடும். தாரம் கைசிகி நிடாதமாயின் ஆறு படிகளும் தடையின்றிச் செல்லும். ஆதலின் பிறப்புமுறை அரிகாம்போதியையே சுட்டுகிறது.

கருணாமிர்த சாகரம்: வட்டம் மூடும் கொள்கை

ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தஞ்சையில் வாழ்ந்த சித்த மருத்துவர். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி இசை மாநாடுகளை நடத்தினார். 1916-இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். அவ்விவாதங்களின் விளைவே கருணாமிர்த சாகரம்.

சாரங்கதேவர் மரபின் 22 சுருதியை மறுத்து, ஒரு தாயியைச் சமமான 12 சுரங்களாகவும் 24 சுருதிகளாகவும் பகுக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. அதன் வன்மையை எளிய கணக்கால் உணரலாம். 12 இராசி வீடுகளில் ஐந்தாவதை நோக்கி ஒவ்வொரு முறையும் 7 வீடுகள் கடந்து சென்றால், 12 முறைகளில் 84 வீடுகள் கடந்து, ஏழு சுற்று முடித்துத் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரலாம். 24 அலகுகளில் ஐந்தாவது 14 அலகு பெறும். 12 முறை சென்றால் 168. இது 24-இன் ஏழு மடங்கு. 22 அலகுகளில் ஐந்தாவது 13 அலகு. 12 முறை சென்றால் 156. 22-இன் ஏழு மடங்கு 154 ஆதலின் 2 அலகு எஞ்சும். அஃதாவது வட்டம் மூடாது. வட்டப்பாலை என்ற பெயருக்கேற்ப வட்டம் மூட வேண்டும் எனக் கொள்பவர்க்குப் பண்டிதர் வழியே நேர்வழியாகும்.

ஆயினும் இயற்கையான ஐந்தாவது 3:2 என்னும் விகிதமுடையது. அதனைப் பன்னிருமுறை பெருக்கினால் 129.75 அளவில் வரும். ஏழு தாயிகளின் பெருக்கம் 128. இரண்டும் ஒன்றாவதில்லை. கிரேக்கர் பித்தகோரசின் பெயரால் வழங்கிய இவ்வேறுபாட்டைச் சீன அறிஞர் சூ சாய்யூ 1584-இல் சமப்பகுப்பினால் தீர்க்க முயன்றார். பண்டிதரின் சமப்பகுப்பும் இவ்வகைத் தீர்வே. வட்டம் மூடுவதற்கு அது தரும் விலை, ஒவ்வோர் ஐந்தாவதும் தூய நிலையினின்று மிகச் சிறிதளவு குறைவதாகும். இவ்விலையை மாணவர் அறிய வேண்டும்.

யாழ்நூல்: விகிதம் காக்கும் கொள்கை

விபுலாநந்த அடிகள் (1892–1947) ஈழத்துக் காரைதீவில் பிறந்தவர், அறிவியல் பட்டதாரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். யாழ்நூல் 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அமைந்தது அந்நூல்.

22 அலகு மரபை அடிகள் ஏற்றுக் கணித வழியில் விளக்குகிறார். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்பது மரபுவழிப் பகுப்பு. இவ்வெண்களை எத்திசையில் எண்ணுவது என்பதே இங்கு முதல் வினா. ஒவ்வொரு நரம்பின் எண்ணும் அதற்கு முன்னுள்ள இடைவெளியைக் குறிக்கும் எனக் கொண்டால் அரிகாம்போதி கிடைக்கும்; பின்னுள்ளதைக் குறிக்கும் எனக் கொண்டால் கலியாணி கிடைக்கும். பின்னதில் உழைக்கும் குரலுக்கும் இடையே 11 அலகுகளே அமைவதால் பிறப்புமுறை பொய்க்கிறது, முன்னதே பொருந்துகிறது.

முன்னதிலும் ஓர் இடர் உண்டு. தாரத்திலிருந்து உழை 13, உழையிலிருந்து குரல் 13, குரலிலிருந்து இளி 13, இளியிலிருந்து துத்தம் 13, விளரியிலிருந்து கைக்கிளை 13. துத்தத்திலிருந்து விளரி மட்டும் 3+2+4+3 என 12 அலகே பெறுகிறது. ஆறு கிளைகளில் ஒன்று ஓர் அலகு குறைகிறது. இது மரபின் பிழையன்று. தூய ஐந்தாவதுகளால் ஏறிச் சென்று பெறும் கைக்கிளையும், குரலோடு இழைந்து ஒலிக்கும் கைக்கிளையும் நுண்ணளவில் வேறானவை. அவ்வேறுபாட்டை எங்கேனும் ஓரிடத்தில் வைத்தாக வேண்டும். அலகு மரபு அதனைத் துத்தத்திற்கும் விளரிக்கும் இடையில் வைத்தது. பண்டிதர் அதனை எல்லா இடங்களிலும் சமமாகப் பரப்பினார். இருவர் கொள்கைகளும் முரணாகத் தோன்றினும், ஒரே இடரை எதிர்கொண்ட இரு தீர்வுகள் என்பது இதனாற் பெறப்படும்.

பாடநூல் என்ற நோக்கில் மதிப்பீடு

கருணாமிர்த சாகரம் வாதநூல். மறுப்புக்கு மறுப்பு என நீளும் அதன் போக்கில் தொடக்கநிலை மாணவர் வழிதவறுவர். கணக்கைக் கையில் தருதலும், முடிவைச் சோதிக்க அழைத்தலும் அதன் வன்மைகள். பண்டிதர் தமிழில் உருப்படிகள் இயற்றியவர் என்பதால் கற்பவரின் தேவையை அறிந்தவர். எனினும் அவ்வறிவு பெருநூலின் அடைவில் வெளிப்படவில்லை.

யாழ்நூல் கட்டமைப்பால் சிறந்தது. நரம்பு, பாலை, பண் என அடுக்காகச் செல்கிறது. ஆயின் அது வழக்கிழந்த கருவியொன்றின் உறுப்புகளிலிருந்து தொடங்குகிறது. யாழைக் கண்டிராத மாணவர்க்கு முதல் படியே ஏட்டறிவாகிவிடுகிறது. நூற்பா நடையின் செறிவும் தமிழ் பயின்றார்க்கே எளிது. வீ.ப.கா. சுந்தரத்தின் தமிழிசைக் கலைக்களஞ்சியம் கலைச்சொற்களை விளக்கி இத்தடையைப் பெரிதும் குறைத்தது. ஆனால் களஞ்சியம் தேடுவார்க்கு உதவுவது. முறையாகக் கற்பிக்கும் நூலின் இடத்தை அது நிரப்பாது.

இருநூல்களும் அளிக்கும் செய்திகளை இணைத்தால் பண்ணுப்பெயர்த்தல் எளிதில் விளங்கும். செம்பாலையின் துத்தம் குரலானால் படுமலைப்பாலை (நடபைரவி), உழை குரலானால் அரும்பாலை (சங்கராபரணம்), இளி குரலானால் கோடிப்பாலை (கரகரப்பிரியா), விளரி குரலானால் விளரிப்பாலை (தோடி), தாரம் குரலானால் மேற்செம்பாலை (கலியாணி) தோன்றும். கைக்கிளை குரலாகும்போது பிறக்கும் செவ்வழிப்பாலைக்குப் பஞ்சமம் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பட்டியல் கூறாது. பிறப்புச் சங்கிலியில் கைக்கிளை இறுதி நரம்பு. அதற்குமேல் கிளை இல்லை என்பதே காரணம். அவ்வாறே தாரம் முதல் நரம்பு. அது எதற்கும் கிளையாகாது. ஆதலின் மேற்செம்பாலையில் சுத்த மத்திமம் இன்றிப் பிரதி மத்திமம் நிற்கிறது. மனனம் செய்யப்படும் செய்தி இங்குக் காரணத்தோடு அறியப்படுகிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. தொடக்கப் பயிற்சிக்குரிய மாயாமாளவகௌளை ஏழு பாலைகளுள் அடங்காது. அதனை விளக்க மேளத்திட்டம் வேண்டும். ஆகவே பாலைமுறை மேளமுறைக்கு மாற்றாகாது; அதற்கு முற்படக் கற்பிக்கத்தக்கது.

சேரநாட்டுச் சான்று

இச்சிக்கல் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இளங்கோவடிகள் தங்கிய குணவாயிற் கோட்டத்தைக் கொச்சிக்கு வடக்கே கொடுங்கல்லூர்ப் பகுதியில் கேரள அறிஞர் பலர் இனங்காண்பர். அவ்வட்டாரச் சோபான இசையிலும் கதகளி இசையிலும் இந்தளம், புறநீர, பாடி முதலிய இராகப் பெயர்கள் வழங்குகின்றன. தேவாரப் பண்களுள் இந்தளமும் புறநீர்மையும் உள்ளமை எண்ணத்தக்கது. பெயரொற்றுமை இசையொற்றுமை ஆகிவிடாது. ஆயினும் ஒப்பாய்வுக்கு உரிய களம் இது. கொச்சியை அடுத்த திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் கருநாடக இசையும் கதகளி இசையும் ஒருங்கே பயிற்றப்படுகின்றன. இத்தகைய இடங்களில் பாலைமுறை அடிப்படைப் பாடமாக அமையின், தமிழ், மலையாள மரபுகளுக்குப் பொதுவான இலக்கண மொழி ஒன்று உருவாக வழி ஏற்படும். தமிழ்த்துறைகளும் இசைத்துறைகளும் சிலப்பதிகார இசைப்பகுதியை ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்து இருவரும் நடத்தாது விடும் நிலையும் அதனால் மாறும்.

முடிவுரை

தமிழ் மரபில் இசையிலக்கணத்திற்கெனச் செவிவழிக் கற்பிக்கும் முறை இருந்தது என்பதற்குச் சிலம்பும் உரைகளும் சான்றாகின்றன. கருணாமிர்த சாகரம் வட்டத்தையும், யாழ்நூல் விகிதத்தையும் முதன்மைப்படுத்தின. இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைத் தள்ளுதல் அடிப்படைக் கல்விக்கு உதவாது. இரண்டும் எதிர்கொண்ட இடரை மாணவர் தாமே கண்டறியச் செய்தலே உதவும். முதற்பருவத்தில் கிளைமுறையால் ஏழு நரம்புகளைச் செவியால் பெறுதல், பின்னர்ப் பண்ணுப்பெயர்த்தல், அதன்பின் அலகுக் கணக்கு, இறுதியில் 72 மேளம் என்ற அடைவு பொருத்தமானது. 2013-இல் இசைக்கெனத் தனிப்பல்கலைக்கழகம் கண்ட தமிழகத்தில் இவ்வடைவைப் பின்பற்றிய பாடநூல் ஒன்றை ஆக்குதல் தமிழாய்வாளரும் இசையாய்வாளரும் கூடிச் செய்ய வேண்டிய பணியாகும். அதுவரை குரல், துத்தம் என்பன தேர்வுத்தாளில் எழுதப்படும் பெயர்களாகவே நிற்கும்.