கணினி அங்கே, திரை இங்கே: கேவிஎம் எக்ஸ்டெண்டர் எப்படி?

ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினியின் ஃபேன் சத்தம் மைக்கில் ஏறக் கூடாது. ஆலையில் கணினிக்குள் தூசி புகக் கூடாது. அதனால் கணினியைத் தனி அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் மட்டும் வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்கான கருவிதான் கேவிஎம் எக்ஸ்டெண்டர். நான் சோதித்தது எச்டிபேஸ்டி 2.0 வகை ஜோடி. கணினிப் பக்கம் டிரான்ஸ்மிட்டர், திரைப் பக்கம் ரிசீவர், நடுவில் ஒரே ஒரு கேட்6 கேபிள். 1080பி படத்துக்கு 70 மீட்டர், 4கே படத்துக்கு 40 மீட்டர் போகும் என்கிறது கையேடு.

மேசைமேல் இரண்டு பெட்டிகளையும் குட்டி பேட்ச் கார்டால் இணைத்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. படம் துல்லியம், மவுஸில் தாமதமே தெரியவில்லை. சுவருக்குள் ஏற்கெனவே போட்டிருந்த கேபிளில் மாட்டியதும் தொல்லை ஆரம்பித்தது. வெள்ளைப் புள்ளிகள் மின்னின, திரை சில நொடிகள் இருண்டு மீண்டது. இந்த நிலையில் பலர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் குட்டி கேபிளில் ஒழுங்காக ஓடுகிற பெட்டியைக் குறை சொல்ல முடியாது. கேபிளின் முனையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! ரிசீவருக்கான மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. அலுமினியத்தில் மின்தடை அதிகம் என்பதால் தூரம் கூடக்கூட வோல்டேஜ் இறங்கிவிடும். இடையில் ஜாயின்ட் எதுவும் இல்லாத சுத்தச் செம்புக் கேபிளை இழுத்ததும் புள்ளிகள் மறைந்தன. லிஃப்ட் மோட்டார், கனத்த மின்வயர்கள் பக்கமாகப் போகவேண்டியிருந்தால் ஷீல்டு உள்ள கேபிளே நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. போர்ட்டைப் பார்த்தால் நெட்வொர்க் போர்ட் போலவே இருக்கும். எக்ஸ்டெண்டரின் கேபிளை நெட்வொர்க் சுவிட்சில் செருகாதீர்கள். படம் வராது என்பதோடு, கேபிளில் ஓடும் மின்சாரத்தால் போர்ட்டே பழுதாகலாம்.

படம் விட்டுவிட்டு வந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். கொஞ்சமும் ஆடாமல் தப்பாகவே நின்றால், அதாவது 1024x768-இலேயே ஒட்டிக்கொண்டாலோ ஒரேயடியாக இருண்டு கிடந்தாலோ, ஈடிஐடியைப் பாருங்கள். தன்னால் என்னென்ன ரெசொல்யூஷன் காட்ட முடியும் என்று திரை கணினிக்குச் சொல்லும் தகவல் அது. அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். படம் ஒரு திசையில் போக, இது எதிர்த்திசையில் வருகிறது. திரை அணைந்திருக்கும்போது கணினியை பூட் செய்தால் அந்தத் தகவல் வந்து சேராமல் போகலாம். இந்த ஜோடியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், டிரான்ஸ்மிட்டரில் இருக்கும் ஈடிஐடி பட்டன். திரை ஆனில் இருக்கும்போது ஒருமுறை அழுத்தினால் தகவலைச் சேமித்துக்கொள்கிறது. பிறகு எதை முதலில் ஆன் செய்தாலும் கவலையில்லை. இந்த வசதி இல்லாத எக்ஸ்டெண்டரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். படம் முழுக்க இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கிராஃபிக்ஸ் அமைப்பில் கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபிக்கு மாற்றிப் பாருங்கள்.

படம் வந்தும் கீபோர்டு அசையவில்லையா? கணினியிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் யூஎஸ்பி வயரை முதலில் அழுத்திச் செருகுங்கள். படம் அந்த வயரில் போவதில்லை, அதனால் அது கழன்றிருப்பது கண்ணில் படாது. விலை குறைந்த எக்ஸ்டெண்டர்கள் சிலவற்றில் யூஎஸ்பி போர்ட் சாதாரண கீபோர்டு, மவுஸை மட்டுமே ஏற்கும். மேக்ரோ கீகள் கொண்ட கேமிங் கீபோர்டு அவற்றில் முரண்டு பிடிக்கும், பயாஸுக்குள் நுழையவும் விடாது. சாதாரண வயர் கீபோர்டை மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சும்மா விட்டிருந்த மவுஸ் திரும்ப உயிர்பெறவில்லை என்றால், விண்டோஸின் பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துவிடுங்கள்.

நான் சோதித்த ஜோடியில் பென்டிரைவும் வேலை செய்கிறது, ஆனால் யூஎஸ்பி 2.0-வின் 480 மெகாபிட் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். இணைப்புக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று எனத் தனித்தனி எல்இடி விளக்குகள் இருப்பதால் கோளாறு எந்தப் பக்கம் என்று உடனே தெரிகிறது. பவர் பிளக்குக்குப் பூட்டு இல்லை. கால் பட்டால் கழன்றுவிடும்.

ஒலிப்பதிவு, கண்காணிப்பு அறை, 1080பி எடிட்டிங் ஆகியவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். 4கே 60 ஹெர்ட்ஸில் நிறம் திருத்துபவர்களுக்கு இது போதாது. அந்தப் படத்துக்கு, நிறத் தகவலைக் குறைக்காமல் அனுப்ப, நொடிக்கு 18 கிகாபிட் வேகம் வேண்டும். எச்டிபேஸ்டி 2.0 தாங்குவது 10.2 கிகாபிட்தான். நிறத் தகவலைக் குறைத்து அனுப்பினால் சிறிய எழுத்துகளின் ஓரத்தில் வண்ணக் கசிவு தெரியும். அவர்கள் எச்டிபேஸ்டி 3.0 அல்லது ஃபைபர் வகையைத் தேடுவதே சரி.