புகைப்படக் கலைஞரின் வாய்மொழியும் படத்திலுள்ளோரின் மௌனமும்

கலைஞன் தன் ஆக்கத்தைப் பற்றிக் கூறுவதை அவ்வாக்கத்திற்கான ஆதாரமாக எந்த அளவிற்குக் கொள்ளலாம் என்பது இலக்கிய விமர்சனத்திற் பழகிப்போன ஒரு வினாவாகும். நாவலாசிரியர் தமது நாவல் பற்றிக் கூறுவதை நாம் கருத்திற் கொள்கின்றோமேயன்றி, அதனை நாவலுக்கு மேலான சாட்சியமாக ஏற்பதில்லை. புகைப்படத்துறையில் இத்தகைய எச்சரிக்கை இன்னும் போதியளவு வளரவில்லை. 1979 இல் போல் ஹில், தோமஸ் கூப்பர் ஆகியோர் புகைப்படக் கலைஞர் பலரைக் கண்டு உரையாடித் தொகுத்த நூல் தொடக்கம் அண்மைக்கால ஆவணத் திரைப்படங்கள் வரை, இவ்வகைப் பேட்டிகள் பெருமளவில் வெளிவந்துள்ளன. எவரிடம் கற்றீர்கள், எது உங்களைத் தூண்டிற்று, அந்தக் கணத்தை எவ்வாறு கண்டுகொண்டீர்கள் என்பனவே அவற்றில் மீண்டும் மீண்டும் எழும் வினாக்கள்.

இவை பயனற்ற வினாக்கள் அல்ல. ஆயினும் இவ்வுரையாடலிற் பங்குகொள்வோர் இருவர் மாத்திரமே. புகைப்படமோ எடுப்பவர், எடுக்கப்படுபவர், பார்ப்பவர் என்னும் மூவரின் உறவிலே தோன்றுவது. நடுவில் நிற்பவர் பேச்சில் இடம்பெறாதபோது, சமூக உறவொன்றின் விளைவாகிய படம் தனிமனித உள்ளொளியின் விளைவாகத் தோற்றம் பெறுகின்றது. ஆகவே புகைப்படக் கலைஞரின் கூற்றுக்களை நோக்குமிடத்து, அவர் எதனால் ஊக்கம் பெற்றார் என்பதிலும் பார்க்க, படத்திலுள்ளோருக்கு அவர் தமது பேச்சில் என்ன இடம் அளிக்கின்றார் என்பதே முதன்மையான வினாவாதல் வேண்டும்.

பழைய உதாரணம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். 1936 இல் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமொன்றில், டொறோதியா லாங் எடுத்த ‘புலம்பெயர் தாய்’ என்னும் படம் பொருளாதார மந்தக் காலத்தின் குறியீடாகவே நிலைபெற்றுவிட்டது. 24 ஆண்டுகள் கழித்து, 1960 இல், லாங் அப்படம் பிறந்த கதையைச் சஞ்சிகையொன்றில் விபரித்தார். முகாமைக் கடந்து சுமார் 20 மைல் சென்றபின் மனம் கேளாது திரும்பி வந்ததையும், அப்பெண்ணின் பெயரையோ வரலாற்றையோ தாம் கேட்காததையும் அவரே கூறுகின்றார். கலைஞரின் உள்ளுணர்வுக்குச் சான்றாகவே இக்கூற்று நெடுங்காலம் எடுத்தாளப்பட்டு வந்தது. 1978 இல் அப்பெண், புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன், பத்திரிகையாளர் ஒருவர் மூலம் வெளியுலகிற்குத் தெரியவந்தார். அவர் செரோக்கி ஆதிகுடி மரபினர். படம் எடுக்கப்பட்டமைக்கு வருந்திய அவர், அதனால் தமக்கு ஒரு சதமேனும் கிட்டவில்லை என்றும் முறையிட்டார். கார்ச் சில்லுகளின் டயர்களை விற்று உணவு வாங்கியதாக லாங் கூறியதை அக்குடும்பத்தினர் மறுத்தனர். லாங் அரச நிறுவனமொன்றின் ஊழியராகவே அப்படத்தை எடுத்தார் என்பதும், அது வெளியானதும் முகாமிற்கு உணவு அனுப்பப்பட்டது என்பதும் மறத்தற்குரியனவல்ல. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. படத்திலிருந்தவர் வாய் திறந்ததும் கலைஞரின் வாய்மொழி முழு உண்மையாக இருந்த நிலை மாறி, ஒரு தரப்பாயிற்று.

சமகாலக் கலைஞருள் இவ்வகையில் விரிவாக ஆராயத் தக்கவர் செபஸ்தியாவோ சல்காடோ (1944–2025). பிறேசிலிற் பிறந்து, பொருளியல் கற்று, இராணுவ ஆட்சிக் காலத்தில், 1969 இல், பாரிஸ் நகருக்குச் சென்றவர். சர்வதேசக் கோப்பி நிறுவனத்திற் பணியாற்றி ஆபிரிக்காவிற்குப் பயணஞ் செய்த காலத்திலேயே கமரா அவர் கையில் நிலைத்தது. 1973 இல் பொருளியலாளர் தொழிலைத் துறந்தார். ‘தொழிலாளர்’ (1993), ‘குடிபெயர்வு’ (2000) என்னும் தொகுப்புக்கள் அவருக்கு உலகப் புகழை ஈட்டின. விம் வெண்டர்ஸும் சல்காடோவின் மகனும் இணைந்து 2014 இல் அளித்த ‘பூமியின் உப்பு’ என்னும் திரைப்படம், தமது படங்களைப் பார்த்தவாறே சல்காடோ பேசும் நீண்ட உரையாடலாகவே அமைந்துள்ளது.

1986 இல் செரா பெலாடா பொற்சுரங்கத்தில் எடுத்த படங்களைப் பற்றி அவர் கூறுவன ஆழ்ந்து நோக்கத்தக்கவை. பிரமிட்டுக்களும் பாபேல் கோபுரமும் கண்முன் தோன்றின என்கின்றார். இது காட்சியைத் தொன்மமாக்கும் பேச்சு. இதே உரையாடலில் வேறொரு குரலும் ஒலிக்கின்றது. சுரங்கம் சிறு சிறு துண்டுகளாகப் பங்கிடப்பட்டிருந்தமை, பொன் கண்ட வேளையில் மூடையொன்றைத் தெரிந்தெடுக்கத் தொழிலாளிக்கு இருந்த உரிமை, அவர்கள் அடிமைகளல்லர், செல்வந்தராகும் ஆசையினாற் கட்டுண்டவர் என்பது ஆகியவற்றை அவர் விளக்குகின்றார். இது பொருளியலாளரின் பேச்சு. தொழிற்சாலையொன்றின் படம் அத்தொழிற்சாலையினுள் நிலவும் உறவுகள் பற்றி எதனையும் கூறாது என்பது பிரெக்ட் முன்வைத்த கருத்து. சேற்றில் ஏணி ஏறும் ஆயிரக்கணக்கான உடல்களைக் காட்டிய படம் சொல்லாத உற்பத்தி உறவைச் சல்காடோவின் வாய்மொழி சொல்கின்றது. புகைப்படக் கலைஞருடனான உரையாடல் விமர்சனத்திற்கு உண்மையாக உதவும் இடம் இதுவே.

சல்காடோ மீதான கண்டனங்கள் இருவகையின. துன்பத்தை அழகாக்குகின்றார் என்பது ஒன்று. ஏழை உலகம் செல்வ உலகிலும் பார்க்க அழகு குன்றியிருக்க வேண்டியதில்லை, ஒளி இரண்டிற்கும் பொதுவானது என்ற பொருள்பட அவர் இதற்கு விடையளித்தார். இவ்விடையை நாம் ஏற்கலாம். வறியவரை அவலட்சணமாகவே காட்ட வேண்டும் என்பது ஒரு முற்போக்குக் கொள்கையாகாது. சுசான் சொன்டாக் 2003 இல் எழுப்பிய மற்றைய கண்டனம் இவ்வாறு தீர்ந்துபோவதன்று. ‘குடிபெயர்வு’ படக்குறிப்புக்களில் வலியற்றோருக்குப் பெயரில்லை என்றும், புகழுடையோருக்கே பெயர் வழங்கும் மரபிற்கு இது அறியாமலே துணைபோகின்றது என்றும் அவர் வாதிட்டார்.

இவ்விடத்து வகைமாதிரி பற்றிய கொள்கை மறுபரிசீலனையை வேண்டி நிற்கின்றது. யதார்த்தவாத நாவலில் வரும் வகைமாதிரிப் பாத்திரம் ஒரு வர்க்கத்தின் இயல்புகளைத் தாங்கி நிற்பினும், அது பெயரும் ஊரும் உறவும் உடைய தனிமனிதனாகவே படைக்கப்படுகின்றது. நாவலாசிரியர் இல்லாத ஒருவருக்குப் பெயர் சூட்டுகின்றார். புகைப்படக் கலைஞரோ வாழும் மனிதர் ஒருவரைக் காண்கின்றார். அவருக்குப் பெயர் ஏற்கெனவே உண்டு. வர்க்கத்தின் பிரதிநிதியாக்கும் பொருட்டு அப்பெயரை அகற்றும்போது, தனித்துவமும் பொதுமையும் இணைவதாகிய வகைமாதிரி தோன்றுவதில்லை; பொதுமை மட்டுமே எஞ்சுகின்றது. தொழிலாளர்பாற் சல்காடோ கொண்ட பரிவு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. குறை பரிவிலன்று, முறையிலேயே உள்ளது.

முறையை மாற்றிக்கொண்ட கலைஞராகச் சூசன் மெய்செலாஸ் விளங்குகின்றார். 1976 இல் வெளியான தமது முதல் நூலிலேயே, களியாட்ட விழாக்களில் ஆடைகளைந்து ஆடிய பெண்களின் சொந்த வாக்குமூலங்களைப் படங்களுடன் அவர் சேர்த்திருந்தார். நிக்கறாகுவாவில் 1978–79 எழுச்சியை அவர் படமாக்கினார். சொமோசா நாட்டைவிட்டு ஓடுவதற்கு முந்திய நாளான 1979 யூலை 16 இல், பெற்றோல் குண்டெறியும் இளைஞனை அவர் எடுத்த படம் பின்னர் சுவரோவியமாயிற்று, தீப்பெட்டியிலும் இடம்பெற்றது. மெய்செலாஸ் அத்துடன் அமையவில்லை. பத்தாண்டுகளின் பின் மீண்டுஞ் சென்று, படங்களில் இருந்தோரைத் தேடிக் கண்டு, அவர்களின் நம்பிக்கையையும் ஏமாற்றத்தையும் 1991 இல் திரைப்படமாக்கினார். 2004 இல் தமது படங்களை 19 பெரும் பதாகைகளாக்கி, அவை எடுக்கப்பட்ட இடங்களிலேயே நிறுவினார். ஆண்டுகள் கழித்துத் தம்மைத் தாமே பார்ப்போரும் இவ்வாறு உரையாடலிற் பங்காளராயினர்.

பெயர் கூறுதல் எக்காலத்திற்கும் பொருந்தும் விதியன்று என்பதையும் அவரது படங்களே காட்டுகின்றன. 1978 இல் மொனிம்போவில் எடுத்த படத்தில் இளைஞர் பாரம்பரிய ஆடல்முகமூடி அணிந்து நிற்கின்றனர். அன்று பெயர் வெளிப்படுதல் உயிருக்கே ஆபத்தாயிருந்திருக்கும். எனவே எப்போது பெயர் மறைக்கப்பட வேண்டும், எப்போது வழங்கப்பட வேண்டும் என்பதைப் படத்திலுள்ளோரின் நிலைமையே தீர்மானித்தல் வேண்டும்.

தென்னாபிரிக்கக் கலைஞரான சாந்து மொபோகெங் (1956–2020) இப்பிரச்சினையை இன்னொரு பக்கமிருந்து எதிர்கொண்டார். சொவெற்றோவிற் பிறந்து, 1985 இல் அப்ரபிக்ஸ் என்னும் நிறவெறி எதிர்ப்புப் புகைப்படக் கூட்டமைப்பிற் சேர்ந்தவர் அவர். ஜொஹன்னஸ்பேர்க்கில் நடைபெற்ற தமது கண்காட்சியொன்றின் பார்வையாளர் குறிப்பேட்டில், கறுப்பரைக் காட்டிப் பணம் பண்ணப்படுகின்றது என்ற பொருளில் எழுதப்பட்டிருந்த குறிப்பு தம்மை உலுக்கியதாக அவர் கூறியுள்ளார். போராட்டக் காட்சிகளிலிருந்து விலகி, கறுப்பினக் குடும்பங்கள் 1890–1950 காலப்பகுதியில் தாமாகவே விரும்பி நிலையங்களில் எடுத்துக்கொண்ட படங்களை அவர் சேகரிக்கலானார். இவர்கள் யார், எவ்வாறு காணப்பட விரும்பினர் என்பனவே அவர் ஆராய்ந்த வினாக்கள். ஒரு கலைஞருக்குப் பெரும் ஊக்கமாக அமைந்தது முன்னோடி ஒருவரின் படைப்பன்று, பெயர் தெரியாப் பார்வையாளர் ஒருவரின் கண்டனம் என்பது சிந்தித்தற்குரியது.

இவ்வினாக்கள் எமக்குப் புறம்பானவையல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தை ஆரம்பித்த வேளையிலிருந்து, படத்தை ஏந்திய தாயின் படம் உலகெங்கும் பரவியது. அதனுள் இரு படங்கள் உள்ளன. வெளிப்படத்தை எடுத்தவர் ஊடகவியலாளர். தாயின் கையிலுள்ள படத்தை எடுத்தவர் பெரும்பாலும் ஊரின் சிறு ஸ்ரூடியோக்காரர். அடையாள அட்டைக்காகவோ கல்யாணத்திற்காகவோ எடுக்கப்பட்ட படம் அது. முன்னவர் எவ்வாறு ஊக்கம் பெற்றார் என்று கேட்போர் உளர். பின்னவரை எவரும் பேட்டி கண்டிலர். மொபோகெங் காட்டிய வழியில் நோக்கின், விமர்சனம் தொடங்க வேண்டிய இடம் அச்சிறு படமேயாகும். அங்குதான் இளைஞன் தான் காணப்பட விரும்பிய கோலத்தில், பெயருடனும் ஊருடனும் நிற்கின்றான்.

கூத்தையும் நாவலையும் சமூக அடிப்படையில் ஆராய்ந்த எமது விமர்சன மரபு புகைப்படத்திற்கு உரிய கவனத்தை இதுவரை அளிக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் ஸ்ரூடியோ நடத்திய முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தல், அவர்களிடம் எஞ்சியுள்ள நெகற்றிவ்களைப் பேணுதல், படத்திலுள்ளோரையோ அவர்தம் உறவினரையோ கண்டு அவர்களின் கூற்றையும் அருகே வைத்தல் என்பன உடனடியாக மேற்கொள்ளத் தக்க பணிகளாகும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதனைத் தொடங்கிவைத்தல் பொருத்தமாகும் என்பது எமது துணிபு.